சிராய்ப்புக்கும் சேர்த்துத்தான் சம்பளம்

பந்தடிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான், அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் பேஸ்பால் லீகில் ஆட வந்தவர்கள் 1943-இல் சிகாகோவுக்கு ரயிலேறியிருப்பார்கள். போய்ச் சேர்ந்தால், பகலெல்லாம் ரிக்லி மைதானத்தில் பயிற்சி. சாயங்காலம் வேறொரு வகுப்பு. எப்படி நடப்பது, எப்படி உட்காருவது, முகத்துக்கு என்ன பூசுவது. சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் ஹெலெனா ரூபின்ஸ்டைன் அழகு நிலையத்தார்.

ஆண்கள் போருக்குப் போய்விட்டால் பேஸ்பால் மைதானங்கள் காற்று வாங்குமே என்ற கவலையில் சூயிங்கம் முதலாளி பிலிப் ரிக்லி தொடங்கிய லீக் அது. முதல் வருடம் ராக்ஃபோர்ட், சவுத் பெண்ட், கெனோஷா, ரசீன் என்று நான்கு ஊர் அணிகள். வாரம் 45 முதல் 85 டாலர் சம்பளம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த சில பெண்கள், வீட்டில் அப்பா வாங்கியதைவிட அதிகம் வாங்கினார்கள்.

சம்பளத்தோடு விதிப்பட்டியலும் வந்தது. உதட்டுச்சாயம் எப்போதும் இருக்க வேண்டும். ஆண்பிள்ளை மாதிரி முடி வெட்டக்கூடாது. மீறினால் முதல் தடவை 5 டாலர் அபராதம், இரண்டாம் தடவை 10, மூன்றாவது தடவை ஆடத் தடை. வாரத்துக்கு 45 வாங்குகிறவளுக்கு 5 டாலர் சும்மா இல்லை. என் முதல் வேலை ஓர் அலுவலக வரவேற்பறையில். அங்கேயும் லிப்ஸ்டிக் இல்லாமல் வந்தால் மேலாளர் முகம் சுளிப்பார். ஆனால் எனக்கு வேலையே உட்கார்ந்த இடத்தில்தான். இவர்கள் அந்தச் சாயத்தோடு புழுதியில் விழுந்து எழுந்தார்கள்.

அதுவும் குட்டைப் பாவாடையில். பேஸ்பாலில் பேஸை, அதாவது ஓட்டம் எடுக்க ஒவ்வொன்றாய்த் தொட வேண்டிய தளத்தை, தொட ஓடிவந்து தரையோடு சறுக்க வேண்டும். கால்சட்டை போட்ட ஆணுக்குத் துணி தேயும், இவர்களுக்குத் தொடை. முழங்காலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குத் தோல் உரிந்து, ரத்தத்தில் மண் ஒட்டியிருக்கும். பேஸ்பால்காரர்கள் பாஷையில் அதற்கு ‘ஸ்ட்ராபெரி’ என்று பெயர். கேட்கத்தான் இனிப்பு. அணிக்கு ஒரு பெண்மணி, ஹாஸ்டல் வார்டன் மாதிரி, கூடவே பயணம் செய்வார். யாரோடு வெளியே போகிறாய் என்று கேட்பவரும் அவரே, காயத்துக்கு மருந்து போடுபவரும் அவரே. ஆறினால்தானே? கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். பொருக்கு கட்டும் முன்பே அடுத்த சறுக்கல் வந்துவிடும்.

ரசீன் அணியின் சோஃபி குரிஸ் 1946-இல் 203 முறை அடுத்த பேஸைத் திருட ஓடி, 201 முறை பிடித்தார். யாரும் பந்தை அடிக்காமலே, வீசுபவர் கையிலிருந்து பந்து கைமாறும் அந்த நொடிக்குள் ஓடிச் சேரும் வித்தை அது. அந்த வருடக் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டம், ராக்ஃபோர்டுக்கு எதிராக ஓட்டமே இல்லாமல், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 14-ஆவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. குரிஸ் அடித்து முதல் பேஸ் வந்தார், இரண்டாவதைத் திருடினார், மூன்றாவதைத் திருட ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி ட்ரெஸ்ஸா வலப்பக்கம் அடித்தார். குரிஸ் நிற்கவில்லை. ஓட்டம் முடியும் வீட்டுத்தளத்தில் சறுக்கி விழுந்தார், 1-0. எண்களைவிட எனக்கு அந்தத் தொடைதான் நினைவில் நிற்கிறது.

அன்று 14 இன்னிங்ஸும் பந்து வீசிய ஜோஆன் வின்டருக்கு வேறு பாடு. லீக் தொடங்கியபோது கையைத் தாழ்த்தி, இடுப்புக்குக் கீழிருந்துதான் வீச வேண்டும். பந்தும் 12 அங்குலச் சுற்றளவு. பிறகு பக்கவாட்டு வீச்சு வந்தது. 1948-இல் முழுக்கத் தோளுக்கு மேலே. பந்தும் படிப்படியாகச் சிறுத்தது. பிழைப்பே அந்த ஒரு கையசைவு என்று இருப்பவர்களிடம் அதை மாற்று என்றால்? வின்டர் புதிதாகக் கற்றுத் தேறினார். எல்லோராலும் முடியவில்லை.

1954-இல் லீக் மூடும்வரை ஒரு கறுப்பினப் பெண்கூட அதில் ஆடவில்லை. தேர்வுக்குப் போன மேமி ஜான்சனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரும் டோனி ஸ்டோனும் பிறகு கறுப்பின ஆண்களின் லீகில், இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணியில் ஆடினார்கள். 1953-இல் ஸ்டோன் அங்கே சேர்ந்தபோது, கூட்டம் வரட்டும் என்று அவரையும் பாவாடை கட்டி ஆடச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டு, மற்றவர்கள் போட்ட அதே கால்சட்டையோடு இரண்டாவது பேஸில் போய் நின்றார்.