மேளக்காரர் பங்குச் சோறு

ரமணரின் பயணத்தை நாம் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பினார், திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். நடுவில் மூன்று நாள் இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 29 மதியம் தொடங்கி செப்டம்பர் 1 காலை வரை. அந்த வழியை ஊர் ஊராக இறங்கிப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று சொன்னவர் என் தாய்மாமா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு பக்தி பாதி, விழுப்புரம் – காட்பாடி தடத்தின் மேல் உள்ள பாசம் மீதி.

மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டிலிருந்து ஆரம்பித்தோம். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்துக்கு எட்டும் தூரம். இப்போது ரமண மந்திரம் என்று ஆசிரமத்தார் பராமரிக்கிறார்கள். திருச்சுழியில் வக்கீலாக இருந்த அப்பா சுந்தரமய்யர் 1892-இல் காலமானதும் பிள்ளைகளைச் சித்தப்பா சுப்பையர் இங்கே அழைத்து வந்தார். வேங்கடராமனுக்கு, பின்னாளில் ரமணரான பையனுக்கு, இங்கே குறை ஒன்றும் கிடையாது. நேரத்துக்குச் சோறு, அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படிப்பு, கால்பந்து, நீச்சல், அடித்து எழுப்பினாலும் கலையாத தூக்கம். வறுமையில் ஓடியவனோ அடி பொறுக்காமல் ஓடியவனோ இல்லை. பதினாறு வயதில், ஜூலை மாதம், மாடி அறையில் தனியாக இருந்தபோது திடீரென்று மரண பயம் வந்தது. பிணம் போலப் படுத்து, இந்த உடம்பு செத்தால் எது சாகிறது என்று பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு பாடப் புத்தகம் ஓடவில்லை. தண்டனையாகக் கொடுத்த இலக்கணப் பாடத்தை மூன்றாவது முறையாக எழுதும்போது நோட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் பார்த்துவிட்டுக் குத்தலாக ஒரு வார்த்தை சொன்னார்: இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? சரிதானே என்று தோன்றிவிட்டது.

பள்ளியில் விசேஷ வகுப்பு இருக்கிறது என்று எழுந்தான். அப்படியானால் என் காலேஜ் சம்பளம் ஐந்து ரூபாயையும் வழியில் கட்டிவிடு என்றார் அண்ணன். வழிச்செலவு அங்கேயே கிடைத்துவிட்டது. மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, “நான் என் தகப்பனாரைத் தேடிக்கொண்டு அவருடைய உத்தரவின்படி இவ்விடத்தை விட்டுக் கிளம்பிவிட்டேன்” என்று தொடங்கும் சீட்டை எழுதி, இரண்டு ரூபாயைப் பத்திரமாக அதனுடன் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டுப் போனான். தகப்பனார் என்று அவன் எழுதியது திருவண்ணாமலை அருணாசலேஸ்வரரை. சித்தி போட்ட சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். அதற்கப்புறம் வருஷக்கணக்காக அவனுக்குச் சோறு போட்டவர்கள் எல்லோரும் அந்நியர்கள்.

பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திண்டிவனம்தான் கிட்டத்து ஸ்டேஷன் என்று நினைத்து அதற்கு டிக்கெட் வாங்கினான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே தண்டவாளம் போட்டுவிட்டார்கள் என்பது அந்தப் படத்தில் இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. மாமா கணக்குப் போட்டார். “மூணு ரூபான்னா நாப்பத்தெட்டு அணா. டிக்கெட் ரெண்டு ரூபா பதிமூணு அணா. திருச்சியில அரை அணாவுக்குப் பேரிக்காய். மீதி எவ்வளவுடா?” ரெண்டரை அணா என்றேன். “அதை வச்சிக்கிட்டு ஒரு மனுஷன் சாமியைப் பாக்கக் கிளம்பறான் பாரு” என்றார்.

விடிவதற்கு முன்பே விழுப்புரத்தில் இறங்கிய பையன் தெருத்தெருவாக வழிப்பலகை தேடி அலைந்தான். பசித்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் வரை காத்திருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு அணாவை நீட்டினான். கடைக்காரர் கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். தெரிந்ததும் காசை வாங்கவில்லை. அந்தக் கடைக்காரருக்குப் பெயர் இல்லை. விழுப்புரத்தில் அந்தக் கடை இருந்த இடம் இதுதான் என்று காட்டவும் ஆள் இல்லை. நாங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். நாங்கள் கொடுத்த காசை வாங்கிக்கொண்டார்கள்.

மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. மாமாவுக்கு முழங்கால் வலி என்பதால் நாங்கள் நடக்கவில்லை. பாசஞ்சரிலேயே திருக்கோவிலூர் போய் இறங்கினோம். ஸ்டேஷன் பெயர்தான் திருக்கோவிலூர். அது இருப்பது தென்பெண்ணைக்கு இந்தக் கரையில், அரகண்டநல்லூரில். தேவாரம் அறையணிநல்லூர் என்று சொல்லும் ஊர். பாறைக்குன்றின் மேல் ஒப்பிலாமணீஸ்வரர் கோயில். படியேறி மேலே போனால் ஆறும் எதிர்க்கரையும் கண்ணுக்குக் கீழே விரிகின்றன. ஞானசம்பந்தர் இங்கிருந்தே அண்ணாமலையைத் தரிசித்தார் என்பது தலவரலாறு. குருக்களிடம் மலை எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். வெறும் வெள்ளை வானம். “மழை பேஞ்சு விட்ட மறுநா காத்தால வரணும் சார். நீல நிறத்துல தெரியும். இன்னைக்குப் புழுக்கமா இருக்கு, தெரியாது” என்றார்.

வேங்கடராமன் வந்து சேர்ந்தது மாலையில். நடை சாத்தியிருந்தது, திறக்கும்வரை காத்திருந்து உள்ளே போய் மண்டபத்தில் உட்கார்ந்தான். கண்ணைக் கூசும் ஒரு பேரொளி எங்கும் பரவியதைக் கண்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மூலவரிடமிருந்து வருகிறதோ என்று கர்ப்பகிருகத்தில் போய்ப் பார்த்திருக்கிறான். அங்கேயும் அதன் மூலம் பிடிபடவில்லை. அந்த மண்டபத்தில் நாங்களும் வெகுநேரம் உட்கார்ந்தோம். மாமா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வௌவால் வாடைதான் முதலில் தெரிந்தது, கொஞ்ச நேரம் கழித்து அதுவும் தெரியவில்லை.

ஒளியைக் கண்ட பையனுக்கும் வயிறு இருந்தது. பிரசாதம் கேட்டான், இல்லை என்றார்கள். இரவு இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றான், கூடாது என்றார்கள். அடுத்த பூஜைக்கு அக்கரையில் கீழூர் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்கு அவர்கள் புறப்பட, பின்னாலேயே போனான். அங்கேயும் கேட்டான், அங்கேயும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த கோயில் மேளக்காரர், “என் பங்கை அவனுக்குக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டார். தண்ணீர் வாங்கிக் குடிக்கப் பக்கத்துச் சாஸ்திரி வீட்டைக் காட்டினார்கள். போகிற வழியில் மயங்கி விழுந்தான். சுயநினைவு வந்தபோது சுற்றிலும் கூட்டம், சோறு தெருவில் சிதறிக் கிடந்தது. பொறுக்கித் தின்றான்.

கீழூர் அட்ட வீரட்டானங்களில் ஒன்று, அந்தகாசுரனை வதைத்த தலம். ஔவையார் விநாயகர் அகவல் பாடியது இங்குள்ள பெரியானைக் கணபதி முன்னால்தான் என்பார்கள். பக்கத்திலேயே ஆற்றுக்குள் கபிலர் குன்று. பாரி மகளிரைக் கரைசேர்த்த கபிலர் உயிர்விட்ட இடம் என்று ஊர் சொல்லும். இத்தனை பெரிய பெயர்கள் இருக்கிற ஊரில் என் மனசு போய் நின்றது அந்த மேளக்காரரிடம். கோயில் சேவகத்துக்குக் கிடைப்பது ஒரு வேளைக்கு ஒரு பங்கு. அதைக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள்? வீரட்டானேஸ்வரர் பிராகாரத்தில் அவருக்காக ஒரு சுற்று சுற்றினேன். மாமா எதற்கு என்று கேட்கவில்லை.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் போய்ப் பிச்சை கேட்டான். வீட்டிலிருந்த அம்மாள் பழைய சாதம் போட்டு, மதியமும் இருக்கச் சொல்லிச் சாப்பாடு போட்டார். காதில் போட்டிருந்த சிவப்புக்கல் பதித்த தங்கக் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்து நான்கு ரூபாய் கேட்டான். அது இருபது ரூபாய் பெறும் என்று பாகவதருக்குத் தெரியும். மீட்டுக்கொள்ள விலாசச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கிருஷ்ணனுக்கு இன்னும் படைக்காத பட்சணத்தில் ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தார்கள். கோகுலாஷ்டமி நாளில் வந்த பிள்ளைக்கு நைவேத்தியத்துக்கு முன்பே எடுத்துக் கொடுக்க அந்த வீட்டுக்கு எப்படி மனசு வந்தது என்பதை எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் சொல்வாள். விலாசச் சீட்டைப் பையன் ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே கிழித்துப் போட்டான்.

செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. நேராகக் கோயில். கதவுகள் எல்லாம் திறந்திருந்தன, உள்ளே ஒருவரும் இல்லை என்பார்கள். நாங்கள் போன நாளில் வரிசை அம்மணி அம்மன் கோபுரம் வரை நீண்டிருந்தது, அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. தரிசனம் முடிந்து வெளியே வந்த வேங்கடராமனிடம் யாரோ மொட்டை போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அய்யங்குளத்தில் தலை மழித்தாயிற்று. மிச்சப் பணம் குளத்தில், பட்சணப் பொட்டலமும் குளத்தில், பூணூலும் போயிற்று. வேட்டியைக் கிழித்துக் கோவணம். மழித்த பின் குளிக்க வேண்டும் என்பது சாஸ்திரம், இந்தக் கட்டைக்கு எதற்கு என்று குளிக்காமலே திரும்பினான். கோயில் வாசலை நெருங்கும்போது மழை கொட்டியது.

வனவாசம் என்றதும் நமக்கு மரமும் அருவியும் மான்தோலும் நினைவுக்கு வருகின்றன. இவனுடைய வனம் முதலில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்தது, ஊருக்கு நட்டநடுவில். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். ஊரில் இருந்த துறவி சேஷாத்ரி சுவாமிகள் அவர்களை விரட்டிப் பார்த்தார், கல்லெறி நிற்கவில்லை. அதனால் பகலிலும் இருட்டான பாதாள லிங்க நிலவறைக்குள் இறங்கிவிட்டான். எறும்பும் பூச்சியும் தொடையைத் தின்று ரத்தமும் சீழும் வழிந்தபோதும் உடம்பு இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருந்தான். தூக்கி வெளியே கொண்டுவந்தவர்களுக்கே மனசு பதறியிருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்துக்கு விளக்கு உண்டு, கம்பி வேலி உண்டு. 1949-இல் புதுப்பித்தபோது ராஜாஜி வந்து திறந்துவைத்தார். படியில் நின்று குனிந்து பார்த்தால் லிங்கம் தெரிகிறது. உள்ளங்காலில் கல்லின் குளிர்ச்சி ஏறுகிறது. மாமா அங்கே ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அபூர்வம்.

பிறகு சுப்பிரமணியர் சன்னதி. அங்கிருந்த மௌன சுவாமி ஒருவர், அம்பாள் அபிஷேகத்தில் வழிந்த பாலைக் கொண்டுவந்து கொடுப்பார். பால், தண்ணீர், மஞ்சள்தூள், சர்க்கரை, வாழைப்பழத் துண்டு எல்லாம் கலந்தது. அதுதான் ஆகாரம். ஒருநாள் அதைப் பார்த்த கோயில் அர்ச்சகர் மனம் நொந்து, இனிமேல் சுத்தமான பாலைக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அப்புறம் குருமூர்த்தம், மாந்தோப்பு, பவழக்குன்று. சில காலம் தானே வீதியில் பிச்சைக்கு நடந்தார். வாசலில் நின்று கையைத் தட்டுவார், விழுந்ததை உள்ளங்கையிலேயே வாங்கித் தெருவிலேயே சாப்பிடுவார்.

மறுநாள் விடியற்காலையில் மலையேறினேன். ஆசிரமத்தின் பின்னாலிருந்து கல் பாவிய பாதை. மாமாவை ஆட்டோவில் ஊர்ப்பக்கம் அனுப்பிவிட்டு நான் மட்டும். முதலில் ஸ்கந்தாசிரமம், அங்கிருந்து கீழே இறங்கினால் விரூபாட்ச குகை. குகையில் 1899 முதல் 1916 வரை இருந்தார். சிறுத்தை வந்த மலை, பாம்பு வந்த குகை. மலைக்காட்டில் நடக்கும்போது ஒரு முறை குளவிக்கூட்டில் தொடை பட்டுவிட, தப்பு என்னுடையது என்று காலை நகர்த்தாமல் நின்று கொட்டு வாங்கியவர் அவர். உள்ளே விரூபாட்ச தேவரின் சமாதி மேடையும் ஒரு விளக்கும் மட்டும். வியர்த்துக் கொட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் குகைக்குத்தான் எச்சம்மாள் சோறு சுமந்து வந்தார். கணவனையும் பிள்ளைகளையும் வரிசையாகப் பறிகொடுத்த பெண். ஒருநாள் வந்து எதிரே நின்றார், பேசவில்லை, ரமணரும் பேசவில்லை, துக்கம் இறங்கிவிட்டது என்பார்கள். அன்று முதல் 1945-இல் கண்மூடும் வரை சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பதே அவருடைய பூஜை. குகையிலிருந்த சாதுக்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போகும்போது பாட ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதால் பிறந்ததுதான் அட்சரமணமாலை. நூற்றெட்டுக் கண்ணி. பெரிய வேதாந்தப் பாட்டு என்று உரை எழுதுகிறோம். ஊர்க்காரர்களுக்கு அது, விரூபாட்ச குகைச் சாமிகள் வருகிறார்கள், சோற்றை எடுத்து வையுங்கள் என்ற சேதி.

1898-இல் பவழக்குன்றில் வந்து அழுது மன்றாடிய அம்மா அழகம்மாளிடம், நடப்பது நடந்தே தீரும், மௌனமாக இருப்பதே நன்று என்ற பொருளில் எழுதிக் காட்டி அனுப்பிவைத்தவர் அவர். எந்தத் தாய்க்கும் அது ஆறாத பதில், இன்றைக்கும் எனக்கு அதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. அந்த அம்மா 1916-இல் நிரந்தரமாகவே மலைக்கு வந்துவிட்டார். வந்து என்ன செய்தார்? அடுப்பு மூட்டினார். அதுவரை பிச்சைச் சோற்றில் ஓடிய கூட்டத்துக்கு ஸ்கந்தாசிரமத்தில் முதன்முறையாகச் சமையல். அந்தச் சின்னச் சமையலறையின் முன் நான் நின்றபோது வெளிநாட்டுக்காரர்கள் சிலர் எதிர் அறையில் தியானத்தில் இருந்தார்கள். இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1922 மே 19 அம்மா போனார். மலையடிவாரத்தில் சமாதி. அங்கே நடந்து நடந்து போய்வந்த ரமணர் ஒருநாள் அங்கேயே தங்கிவிட்டார். அதுதான் ரமணாசிரமம்.

கீழே இறங்கியபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. ஆசிரமத்தில் நமக்கு இலை போடுவதற்கு முன்னால் சாதுக்களுக்கு அன்னம். மாமா ஏற்கெனவே வந்து அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். தூக்குவாளியோடு நின்ற அந்தச் சாமி, “சோறு வாங்கற நேரத்துல ஊரு எதுக்குய்யா?” என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

சாப்பிடும்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்களை அண்ணாந்து பார்த்தேன். இந்தச் சமையல்கட்டில் ரமணர் வெகுகாலம் விடியற்காலையில் எழுந்து காய் நறுக்கியிருக்கிறார், சட்னி அரைத்திருக்கிறார். எல்லோருக்கும் என்ன பரிமாறுகிறார்களோ அதுவே எனக்கும் என்பது அவர் வைத்த சட்டம். தரையில் சிந்திக் கிடந்த சில அரிசி மணிகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார் என்று கூட இருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மாமா இலையை வழித்துவிட்டு ரசத்துக்கு இன்னொரு கரண்டி சாதம் கேட்டார்.