ராஜ்மகால் மலையில் இரண்டு வாரம்

நவம்பர் 22, 2022

பாளையங்கோட்டையில் கிளம்பி நாலாம் நாள் காலையில் பர்ஹர்வா ஸ்டேஷனில் இறங்கினேன். ஜார்க்கண்டின் சாஹிப்கஞ்ச் மாவட்டம். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். பதினாறு வருஷமாக இந்த மலையில் மிஷனெரிகளாக இருக்கிறார்கள், நான் இப்போதுதான் முதல் தடவையாக வருகிறேன், ரிட்டயர் ஆன பிறகுதான் இதற்கு நேரம் கிடைத்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊரெல்லாம் கல் குவாரித் தூசி. லாரி போனால் எதிரே நிற்கிற ஆள் தெரிவதில்லை.

பெரிய மூட்டை ஒன்று கொண்டுவந்திருந்தேன். எங்கள் சபைப் பெண்கள் சங்கம் சேர்த்துக் கொடுத்த 62 சேலை, மலையில் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்க. தங்கை மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, இது கீழே அறையிலேயே இருக்கட்டும், மேலே கொண்டுபோக வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அப்புறம் சொல்கிறேன் என்றுவிட்டாள். மூன்று ரயில் மாறிச் சுமந்து வந்தவளுக்குக் கோபம் வராமல் இருக்குமா.

நவம்பர் 24

பஹாடியா பழங்குடி மக்களின் ஊர்கள் மலை உச்சியில்தான் இருக்கின்றன. அடிவாரம்வரை ஜீப், அதற்கு மேல் இரண்டு மணி நேரம் நடை. எனக்கு மூன்றரை ஆனது. சுனை ஊருக்கு வெகு கீழே. பெண்கள் விடியும் முன் குடத்தோடு இறங்கி ஏறுகிறார்கள்.

இன்று நானும் தங்கையோடு சுனைக்குப் போனேன். ஒரு பாட்டி குடத்தைச் சாய்த்து என் கையில் ஊற்றி "அமு" என்றார். தண்ணீர். "அம்" என்றால் நீர் என்று முப்பது வருஷம் முன்னால் நிகண்டில் படித்தது சட்டென்று ஞாபகம் வந்தது. பக்கத்து மரத்தைக் காட்டினேன். "மனு." பல்லைக் காட்டினேன், "பலு." கண்ணைத் தொட்டேன், "கனு", அந்தக் ககரத்தைத் தொண்டையின் அடியிலிருந்து எடுக்கிறார், எனக்கு வரவே இல்லை, சுனையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் என்பதற்கு "ஏன்", நீ என்பதற்கு "நீன்". தமிழ் வாத்தியாராக இருந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்! இடையன்குடி கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் இரண்டாம் பதிப்பில் (1875) பட்டியலிடும் பன்னிரண்டு திராவிட மொழிகளில் ராஜ்மகால் மொழியும் ஒன்று. அதுதான் இவர்கள் பேசும் இந்த மால்டோ. அதற்கு இலக்கணம் எழுதியவர் துரோசே என்ற ஜெர்மன் மிஷனெரி, 1884-ல் ஆக்ராவில் அச்சானது.

தங்கை வந்த முதல் வருஷம் பிரசங்கமே கிடையாதாம். தண்ணீர் எடுத்தாள், பயறு உடைத்தாள், பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊரில் நாங்களோ அந்த வருஷம் முழுக்க "எத்தனை பேர் ஞானஸ்நானம்?" என்று கடிதம் போட்டுக்கொண்டிருந்தோம். நானும் போட்டேன்.

நவம்பர் 27, ஞாயிறு

ஆராதனை. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, மண் தரை. ஆராதனையை நடத்தியது ஊர் மூப்பர் ஒருவர், தங்கை வீட்டுக்காரர் பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்கு ஒருமாதிரி இருந்தது. போதகர் அவர்தானே, ஏன் பின்னால்? பிறகு பாட்டு தொடங்கியது. ஒரு மத்தளம், பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, கூரைத் தகரமே அதிர்ந்தது. நம் கீர்த்தனைகளை இந்தியில் மாற்றித்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்களாம். பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிற மாதிரி மரியாதைக்குப் பாடினார்களாம். ராத்திரி நெருப்பைச் சுற்றி அவர்கள் பாடுகிற மெட்டில் இந்த மூப்பர் ஒரு சங்கீதத்தைத் தானாகவே பாடிய அன்றைக்குத்தான் சபை பிறந்தது என்கிறாள் தங்கை. காணிக்கைக் கூடையில் மக்காச்சோளமும் தட்டப்பயறும்.

1903-ல் பாளையங்கோட்டையில், பின்னாளில் பிஷப்பான அசரியா ஐயரும் கூட இருந்தவர்களும் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்றுதானே சொன்னார்கள். வருஷா வருஷம் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். வெள்ளைக்காரர்களிடம் நாம் கேட்டதை பஹாடியா சபை நம்மிடம் கேட்டால் கொடுப்போமா?

டிசம்பர் 1

பக்கத்து ஊரில் ஒரு பையன், ஒன்பது வயது இருக்கும், மூன்று வாரமாகக் காய்ச்சல். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. தங்கை இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து மெதுவாக அழுத்தினாள். மண்ணீரல் கல்லுபோல் தொப்புள்வரை இறங்கியிருந்தது. காலா அசார் என்கிற கருங்காய்ச்சலாகத்தான் இருக்கும் என்றாள். மண்சுவர் வெடிப்பில் இருக்கும் மணல் ஈ கடித்து வருவது. கவனிக்காவிட்டால் உயிர் தப்பாது. கயிற்றுக் கட்டிலைக் கம்பில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் சோதனை, காலா அசார்தான். அரசு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டிரிப் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிற அளவுக்கு மருந்து வந்துவிட்டது, ஆனால் ஆஸ்பத்திரி கீழே இருக்கிறது, மனுஷர்கள் மேலே இருக்கிறார்கள். இந்த மலைக்கு வந்து காய்ச்சலில் போன தமிழ் மிஷனெரிகளும் உண்டு.

கட்டிலின் பின்னால் நடந்து வரும்போதுதான் சேலை விஷயத்தைச் சொன்னாள். ஜார்க்கண்டில் 2017-ல் மதமாற்றச் சட்டம் வந்தது. ஆசை காட்டி மாற்றினால் மூன்று வருஷம்வரை ஜெயில், பழங்குடியினர் என்றால் நாலுவரை. ஞானஸ்நானத்துக்குக் கலெக்டரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். "சட்டம் இல்லாட்டியும் நான் கொடுக்க மாட்டேன் அக்கா. விளைஞ்ச பயறு முழுக்க வட்டிக்கார மகாஜன் கடனுக்குப் போகுது. கொடுக்கிறவங்க எல்லாரும் இவங்களுக்கு மகாஜன்தான். நானும் ஒரு மகாஜன் ஆகணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா ஐயர் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்துக் கேட்டது நினைவுக்கு வந்தது: பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். ஞாயிறு பள்ளியில் இதை எத்தனை தடவை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சேலை மூட்டை கட்டும்போது ஞாபகம் வரவில்லை.

டிசம்பர் 4, ஞாயிறு

நேற்று பெண்கள் சங்கச் செயலாளரிடம் போனில் சொன்னேன். "அப்போ யாருக்கு அக்கா நாங்க சேர்த்தோம்?" என்று வருத்தப்பட்டார். நியாயம்தான். போனில் விளங்க வைக்க முடியாது, நேரில்தான் பேச வேண்டும். மூட்டை என்னோடு திரும்புகிறது.

பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சி கேட்கிறானாம். காலை ஆராதனை முடிந்ததும் சுனைப் பாட்டி வந்து என் கையைப் பிடித்துத் துணிமுடிச்சு ஒன்றை வைத்தார். தட்டப்பயறு, ஒன்றரைக் கிலோ இருக்கும். இந்த வருஷம் அவர் வீட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று எனக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன், தங்கை கண்ணைக் காட்டினாள். வாங்கிக்கொண்டேன். "கனு" என்று ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். இன்னும் சரியாக வரவில்லையாம்.

முடிச்சில் அடுப்புப் புகை வாசனை அடிக்கிறது. ஊருக்குப் போனதும் சங்கக் கூட்டத்தன்று இதை அவித்து எல்லாருக்கும் வைக்கப் போகிறேன். யார் கொடுத்தது என்று கேட்பார்கள்.