காது மட்டும் ஓய்வு பெறவில்லை

சிங்கப்பூர்க் கடற்படையை விட்டு வந்து பல வருடங்களாகியும் விடியற்காலை 3:40க்கு விழிப்பு வந்துவிடுகிறது. 4 மணி வாட்சுக்கு, அதாவது கப்பல் பணி முறைக்கு, எழுந்த பழக்கம். "இப்ப எந்தக் கப்பல் கிளம்புது?" என்பாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

1988இல் புலாவ் பிரானி தீவிலிருந்த கடற்படைத் தளத்துக்குப் போகிறேன் என்றதும் அம்மாவுக்குக் குழப்பம். "பிராணிகளோட என்னடா வேலை?" மலாயில் 'பெரானி' என்றால் துணிச்சல் என்று விளக்கியும் நம்பவில்லை. 2000இல் சாங்கி தளத்துக்கு மாறினோம், அது பெரிய கதையில்லை.

இந்தோனேசியாவில் ஆச்சேவின் மெலாபோ ஊர்தான் மனதை விட்டுப் போவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு 'எண்டுரன்ஸ்' கப்பலில் போனோம். சாலைகள் துண்டாகியிருந்ததால் புல்டோசரும் அரிசியும் தண்ணீரும் சிறு படகுகளில்தான் கரையேறின. நான் எஞ்சின் ஆள், கரையை அதிகம் பார்க்கவில்லை. ஒரு படகின் எஞ்சின் சூடேறிவிட்டது. கடல்நீர் உறிஞ்சும் வடிகட்டியைக் கழற்றினேன். தென்னை நார், மரச்சில்லு, கூடவே ஒரு விரல் அகலத்துக்குப் பாத்திக் (மெழுகுச் சாய வேலைப்பாடு) துணிக் கிழிசல். மற்றதையெல்லாம் வாளியில் போட்டேன். துணியை மட்டும் போட முடியவில்லை. அலசிக் கம்பியில் காயப் போட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. போன வாரம் எதிர் வீட்டு அக்காவின் மின்விசிறிச் சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்றே கேட்டு, "பேரிங் போச்சுக்கா" என்றேன். அவர் நம்பவில்லை. நேற்று நின்றுவிட்டதாம்.