ஐந்து அளவீடுகளும் ஒரு துண்டுக் கடுதாசியும்

எதிக்ஸ் குழுவிடமிருந்து என் ஆய்வுத் திட்டம் திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ஐந்து விளைவுகளை அளக்கிறீர்கள், ஐந்தையும் எப்படிச் சோதிப்பீர்கள்?

சீனி வருத்தக்காரர்கள் உப்புவெளிக் கடற்கரையில் தினமும் நடந்தால் என்ன மாறும் என்பதுதான் ஆய்வு. எச்பிஏ1சி என்ற நீண்டகாலச் சீனிச் சோதனை, வெறுவயிற்றுச் சீனி, இரத்த அழுத்தம், நிறை, கால் விறைப்பு. எதையும் விட மனமில்லை. ஒவ்வொன்றையும் 0.05 இல், அதாவது பலனே இல்லாதபோதும் இருப்பதாகக் காட்ட 5 வீத வாய்ப்பு மட்டும் விடும் எல்லையில், சோதித்து, தேறியதை எழுதலாம் என்றே நினைத்திருந்தேன்.

புள்ளிவிபரம் படிப்பித்த சேரிடம் போனேன். ஒரு துண்டுக் கடுதாசியை எடுத்தார். "நடையால ஒரு பலனும் இல்லையெண்டு வையுங்கோ. ஒரு சோதனை பொய் சொல்லாமலிருக்க 0.95 வாய்ப்பு. ஐந்தும் ஒன்றையொன்று சாராதவை என்றால் அதை ஐந்து தரம் பெருக்குங்கோ." 0.77 வந்தது. ஏதாவது ஒன்றில் பொய்ப் பலன் தெரிய ஏறத்தாழ 23 வீதம்! அந்தப் பொய்யை நம்பித்தானே கிளினிக்கில் ஆட்களுக்கு அறிவுரை சொல்வேன்.

பொன்பரோனி முறை எனக்குத் தெரியும்: 0.05 ஐ ஐந்தால் பிரித்து எல்லாவற்றுக்கும் 0.01. ஆனால் வெறுவயிற்றுச் சீனியும் எச்பிஏ1சியும் சேர்ந்தே ஏறி இறங்குபவை. அப்படிப்பட்ட அளவீடுகளுக்கு அது தேவைக்கு மேல் இறுக்கம். உண்மையான பலனையும் தவறவிட்டுவிடும்.

சேர் பயிற்சிக்காக ஐந்து பி பெறுமானங்களை (பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசமோ அதற்கு மேலோ தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு; எல்லையை விடச் சிறியதென்றால் தேறும்) எழுதித் தந்தார்: 0.004, 0.011, 0.02, 0.03, 0.2. பொன்பரோனியில் முதலாவது மட்டும் தேறியது. அப்புறம் ஹோம் என்ற புள்ளிவிபரவியலாளர் 1979 இல் வெளியிட்ட முறை. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, முதலாவதை 0.05/5 உடன், இரண்டாவதை 0.05/4 உடன் ஒப்பிட வேண்டும். 0.011 என்பது 0.0125 ஐ விடச் சிறியது, அதுவும் தேறியது. மூன்றாவதன் எல்லை 0.0167, 0.02 தேறவில்லை. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு நிறுத்திவிட வேண்டும். கீழே உள்ளவற்றைப் பார்க்கவே கூடாது. 0.03 ஐ விட்டுக்கொடுக்க எனக்குக் கை வரவில்லைதான். ஆனால் மொத்தப் பிழை, அதாவது ஏதாவது ஒன்றிலாவது பொய்ப் பலன் தெரியும் வாய்ப்பு, 5 வீதத்துக்குள் நிற்பது அந்தக் கோட்டால்தான்.

இவ்வளவுக்கும் பிறகு கடினமாக இருந்தது கணக்கல்ல, தெரிவு. கிளினிக்கில் ஒரு ஐயா கேட்டார், "என்ன பிள்ளை, இவ்வளவு இரத்தமும் எடுத்து என்னத்தைப் பார்க்கப் போறீங்கள்?" ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று பின்னேரமே முடிவெடுத்தேன்: எச்பிஏ1சிதான் முதன்மை விளைவு. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியை அதுதான் காட்டும். அது 0.05 இல் தேறினால் மட்டும் மற்ற நான்கையும் ஹோம் முறையில் சோதிப்பேன். தேறாவிட்டால் அந்த நான்கும் வெறும் விபரமாக மட்டும் அறிக்கையில் வரும்.

இதையே எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன், அனுமதி கிடைத்தது. ஒருவரையும் சேர்க்குமுன் இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் அதே ஒழுங்கில் பதிந்தேன். அடுத்த கிளினிக் நாளில் ஐயாவைத் தேடிப்போய்ச் சொன்னேன்: "மூன்று மாதச் சீனி குறையுதா எண்டு பார்க்கத்தான் ஐயா."