வலது ஸ்பீக்கருக்கு ஒன்பது மீட்டர்

ஜூன் 8, 2025, ஞாயிறு

போன மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர் ஜோடியும் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. விற்றவர் கூடவே கொடுத்த வயர், காலிங் பெல்லுக்கு இழுப்பார்களே, அந்தத் தடிமன்.

இன்று டேப் வைத்து ஹாலை அளந்தேன். ஆம்ப்ளிஃபையர் சாமி அலமாரிக்குப் பக்கத்தில். இடது ஸ்பீக்கருக்கு 3 மீட்டர் போதும். வலதுக்குப் போகும் வழியில் வாசற்கதவு. நிலைக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் 9 மீட்டர். "கதவுக்கு இந்தப் பக்கமே வெச்சா என்னங்க?" என்றாள் மனைவி. வைக்கலாம். ரெண்டுக்கும் நடுவில் நாலடிதான் இருக்கும். அதற்கு ஒரு ஸ்பீக்கரே போதுமே.

கணக்குப் போட்டேன். ஒரு ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.0172 ஓம். போக 9, வர 9, ஆக 18 மீட்டர். பெல் வயர் அரை ஸ்கொயர் என்றால் 0.62 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். வயரின் தடை மட்டுமே அதில் கிட்டத்தட்ட 8 சதவீதம். 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. ஒன்றரை ஸ்கொயரில் 0.21 ஓம், ரெண்டரையில் 0.12. ஒன்றரையே போதும்தான். ஆனால் 8 ஓம் என்று பின்னால் எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுருதியிலும் 8 ஓமாக இருக்காது, சில இடங்களில் 5, 6 என்று இறங்கும். அதனால் ரெண்டரை.

ஜூன் 15, ஞாயிறு

பெங்களூர் போய் வந்தேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும் என்பது போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவனுக்கு பெங்களூரா மாங்காய் சீசனில் வேறு நாள் ஏது?

வேறொரு பக்கம், ஏசி போட்ட ஷோரூம் ஒன்று திறந்திருந்தது. பாம்புத் தோல் மாதிரி உறை போட்ட கேபிள், ஒரு ஜோடி 18,000 ரூபாய். 200 மணி நேரம் ஓடினால் சத்தம் 'ஓபன்' ஆகுமாம். செம்புக் கம்பி 200 மணி நேரத்தில் என்ன கற்றுக்கொள்ளும் என்று கேட்க வாய் வரை வந்தது. டீ கொடுத்திருந்தார்கள், கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சின்னக் கடையில், மேலே ஓஎஃப்சி (ஆக்சிஜன் நீக்கிய சுத்தச் செம்பு), 99.99 என்று அச்சடித்த கண்ணாடி உறை வயர், ரெண்டரை ஸ்கொயர், மீட்டர் 70 ரூபாய். உள்ளே செம்பு தகதகவென்று தெரிந்தது. 12 மீட்டர் வாங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று ராத்திரி ஃபேக்டரியிலிருந்து வந்து பதினொரு மணி வரை ஏணிமேல் நின்று கிளிப் அடித்தேன். பாட்டுப் போட்டால் பேஸ் இல்லை. மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்கிறது, பேஸ் கொடுக்கும் இடப்பக்கம், அந்தத் தொப்பியைக் காணோம். பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து கிடக்கிறது. பெல் வயரிலேயே இதைவிட நன்றாக இருந்ததே! வயரையும் கடைக்காரரையும் திட்டிக்கொண்டே படுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

காவேரிப்பட்டணத்திலிருந்து மாமா வந்தார். முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். இப்போது மச்சான் பார்த்துக்கொள்கிறான், ஆடி மாதம் மட்டும் இவரும் கூடப் போவார்.

அரை நிமிஷம் கேட்டார். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றார், தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டினார். "ஒரு பேனா பேட்டரி எடு மாப்ள."

ஆம்ப்ளிஃபையரை அணைத்து, அந்தப் பக்கத்து வயர் நாலையும் கழற்றச் சொன்னார். இடது வயரின் நுனியை ஒன்றரை வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டார், பிளஸ்ஸுக்கு பிளஸ். 'டப்'. கூம்பு முன்னால் துள்ளியது. வலதுக்கும் அப்படியே. அது உள்ளே இழுத்துக்கொண்டது. எது பிளஸ், எது மைனஸ் என்பதற்கு அடையாளம், கண்ணாடி உறையில் ஒரு பக்கம் மட்டும் முடி மாதிரி ஒரு கோடு. நிலைமேல் திருப்பும்போது மாறிப்போய்விட்டது. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் பேஸ் அங்கேயே அடித்துக்கொண்டு போகும். மாற்றிக் கொடுத்ததும் தொப்பி வந்தது. அஞ்சு நாளாக நான் திட்டியது கடைக்காரரை.

திட்டியது வீண் போகவில்லை. வெட்டிப் போட்ட துண்டு ஒன்று தரையில் கிடந்தது. மாமா எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார், முகம் மாறியது. ஒரு இழையை நகத்தில் வைத்துக் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளை.

"அலுமினியம். மேல செம்புத் தோல்."

"வெள்ளையா இருந்தா ஈயம் பூசினது இல்லையா மாமா?"

"அது மேல வெள்ளை, உள்ள செம்பு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசற மாதிரி. அது நல்ல வயர். இது தலைகீழ்."

லைட்டரில் காட்டினார். இழை சுருண்டு குட்டி உருண்டையாகித் தொங்கியது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், செம்புக்கு 1,085 வேண்டும். பெல் வயர் இழையையும் அதே தீயில் பிடித்தார், கறுத்தது, அவ்வளவுதான்.

சாப்பிடும்போது கேட்டேன்: திருவிழாவில் அரை கிலோமீட்டருக்கு ஒல்லி வயர்தானே இழுக்கிறீர்கள், அது எப்படிக் கேட்கிறது? அஹூஜா ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைத் தட்டிலேயே விரலால் வரைந்து காட்டினார். அது 100 வோல்ட் லைன். 100 வாட்டை 8 ஓமுக்கு நேராகத் தள்ள மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். வோல்ட்டை ஏற்றி அனுப்பினால் ஒரு ஆம்பியர் போதும், குழாய் ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் இறக்கிக்கொள்ளும். வயரில் வீணாவது கரண்ட்டின் வர்க்கத்துக்குத் தக்கபடி. கோவில் மைக் செட்டும் ஊருக்குக் கரண்ட் கொண்டுவரும் பெரிய லைனும் ஒரே சூத்திரம் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை. "உன் பொட்டியில அது இல்ல. அதான் உனக்குத் தடி வயர்."

ஜூன் 25, புதன்

மல்டிமீட்டரில் அலுமினிய வயரை அளந்து பார்த்தேன். முள் ரெண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டுகிற மீட்டர். வயரோடு 0.5. நடுவில் இருப்பது வயரா, மீட்டரின் மனநிலையா என்று சொல்ல முடியாது. கத்தியே மேல். கடைக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மாமா சொன்னபடி உள்ளூர் எலக்ட்ரிகல் கடையில் வீட்டு வயரிங்குக்குப் போடும் ரெண்டரை ஸ்கொயர் வயர், ஐஎஸ்ஐ முத்திரை போட்டது, சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று. முறுக்கினால் நீளம் குறையும் என்று தலா 14 மீட்டர். மீட்டர் 38 ரூபாய். முதலில் கடையிலேயே ஒரு இழையைச் சுரண்டினேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

வயரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை ட்ரில் மெஷினில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் பின்னல் ஜடை மாதிரி வருகிறது. மகள் ட்ரில்லை விடவே இல்லை. முனையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உரிக்கக் கூடாது. ஒரு இழை தப்பிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபையருக்கு ஆபத்து. வீட்டு லைன் போகும் கேசிங்கிலேயே இதையும் திணிக்கப் போனேன், மாமா போனிலேயே கத்தினார். தனிக் கேசிங்.

இடது 3, வலது 9, ரெண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வித்தியாசம் 0.08 ஓம். சத்தத்தில் 0.1 டெசிபல்கூட வராது. நான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாலே அதைவிட மாறும்.

ஜூலை 6, ஞாயிறு

எழுத மனசில்லாத விஷயம். மகளை வலது ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்காரவைத்தேன். ஒவ்வொரு தடவையும் நான் ஆம்ப்ளிஃபையரை அணைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அவள் அலுமினியத்தையோ செம்பையோ மாட்டி நோட்டில் எழுதிக்கொள்வாள், நான் சொல்ல வேண்டும். 10 தடவை. 6 சரி.

"பூவா தலையா போட்டிருந்தா அஞ்சு வந்திருக்கும்பா," என்றாள்.

பெல் வயரை ஒருமுறை மாட்டச் சொன்னேன். வலது பக்கம் ஒரு நூல் தணிந்த மாதிரி இருந்தது. அதுவும் தெரிந்து கேட்டதால்தானோ என்னவோ.

செம்பு வயர்தான் இருக்கிறது. காது கேட்டதற்காக இல்லை. அலுமினிய இழை கிளிப் பக்கத்தில் அதற்குள் ரெண்டு மூன்று ஒடிந்திருந்தது, அதோடு செம்பு என்று காசு வாங்கிக்கொண்டு அலுமினியம் கொடுத்ததை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை. சாயந்திரம் மாமா அந்தச் சுருளைக் கேட்டார். வீட்டு லைனுக்குப் போட்டுவிடாதீர்கள், ஜாயின்ட்டில் சூடாகும் என்றேன். "எனக்கே பாடமா? ஆடிக்குப் பந்தல் கட்டணும். கயிறு விக்கிற வெலையில இது தேவலை" என்று பைக் பின்னால் மாட்டிக்கொண்டு போனார்.