பெத்பேஜ் பிளாக்: அரசுப் பூங்காவுக்குள் ஓர் உலகக் களம்

நியூயார்க் பென் நிலையத்திலிருந்து ஃபார்மிங்டேல் வரை ரயில் பயணத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. நிலைய வாசலில் நின்ற வாடகைக் கார் ஓட்டுநரோ, சில நிமிடத் தொலைவிலுள்ள பெத்பேஜ் மாநிலப் பூங்காவுக்கு ரயில் கட்டணத்தைவிட அதிகமாகக் கேட்டு வாங்கிவிட்டார். கோல்ஃப் பையைத் தோளில் மாட்டியவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்ற எண்ணத்தைப் பொய்யாக்கும் மைதானத்தின் வாசலிலேயே இப்படி நடந்ததுதான் எனக்குப் பெரும் எரிச்சல்.

இந்தப் பூங்காவிலுள்ள ஐந்து கோல்ஃப் மைதானங்களில் மிகக் கடினமானது பிளாக். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் கீழ் உருவாகி, 1936இல் திறக்கப்பட்டது, வடிவமைப்பில் ஏ. டபிள்யூ. டில்லிங்காஸ்டின் பெயர் முதன்மையாகப் பேசப்படுகிறது. புகழ்பெற்ற மைதானங்களான பெப்பிள் பீச்சிலும் பைன்ஹர்ஸ்டிலும் பொதுமக்கள் ஆடலாம் என்றாலும் அவை தனியார் விடுதிகளின் சொத்து. என்னைப் போன்றவர்களின் சேமிப்பு அங்கே தாங்காது. மக்களின் சொத்தான ஒரு மைதானத்தில், கோல்ஃபின் பெரும் போட்டிகளுள் ஒன்றான அமெரிக்க ஓபன் முதன்முறையாக நடந்தது 2002இல், இங்கேதான். ரீஸ் ஜோன்ஸ் சீரமைத்துக் கொடுத்த அந்தக் களத்தில் நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில் பாருக்குக் கீழே, அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளைவிடக் குறைவாக அடித்து, நின்றவர் டைகர் வுட்ஸ் ஒருவரே.

ஆட்டத்தின் முதல் அடியை அடிக்கும் இடமான முதல் டீயின் அருகே புகழ்பெற்ற எச்சரிக்கைப் பலகை நிற்கிறது: இது மிகக் கடினமான மைதானம், உயர்ந்த திறன் பெற்றவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்கிறது. அது வெறும் மிரட்டல் அன்று. இங்கே மின்வண்டிக்கு அனுமதி இல்லாததால், பதினெட்டுக் குழிகளையும் ஏற்ற இறக்கங்களோடு நடந்தே கடக்க வேண்டும். நான்காவது குழியின் குறுக்கே சரிந்து கிடக்கும் பெரிய மணற்பள்ளம், பந்தை எங்கே இறக்குவது என்பதை அடிப்பதற்கு முன்பே தீர்மானிக்கச் சொல்கிறது. பதினைந்தாவதோ ஈவிரக்கமற்றது: குட்டையாக வெட்டிய புல்பாதையான ஃபேர்வே நீண்டு சென்று முடியுமிடத்தில், குழி இருக்கும் புல்தரையான கிரீன் செங்குத்தாக மேலே நிற்க, பாதையோரத்தில் கணுக்காலை மறைக்கும் அடர்ந்த ரஃப் புல்லிலிருந்து அங்கே பந்தை ஏற்றுவதற்குத் தோள்பட்டையின் முழு வலுவும் தேவைப்பட்டது. ஆனாலும் 2009 அமெரிக்க ஓபனில் லூகாஸ் குளோவரும், இன்னொரு பெரும் போட்டியான பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் 2019இல் புரூக்ஸ் கெப்காவும் வெற்றிக்காக ஏறிய அதே மேட்டில், எந்தச் சங்கத்திலும் உறுப்பினராகாமல் நானும் ஏறினேன். இந்த மகிழ்ச்சிக்கு ஈடாக வேறொரு மைதானத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

கட்டணத்தில் நியூயார்க் வாசிகளுக்குச் சலுகை உண்டு. குவீன்ஸில் வசிக்கும் என் நண்பர் கொடுத்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்கை நான் கொடுத்தேன். வரி கட்டுபவர்களுக்கு முன்னுரிமை என்பது நியாயமே என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை. முன்பதிவு கிடைக்காதவர்கள் முந்தைய இரவே வந்து, வாகன நிறுத்தத்தில் காருக்குள் உறங்கி, வரிசையில் இடம் பிடிக்கும் வழக்கமும் இங்கே உண்டு.

ஆட்டம் முடிந்ததும் நண்பர் தம் காரில் ஹிக்ஸ்வில்லுக்கு அழைத்துச் சென்றார். இந்தியர்கள் நிறைந்த அந்த ஊரில் கிடைத்த நெய்த் தோசையும், புளிப்பும் காரமும் சரியாகச் சேர்ந்த சாம்பாரும் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த உணவு. ஃபார்மிங்டேலிலிருந்து ரயிலில் திரும்புபவர்களும் வழியிலேயே வரும் ஹிக்ஸ்வில்லில் இறங்கிச் சாப்பிடலாம். ஆனால் காலையில் வாடகைக் காரில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள்.