கசூதி கோபுரம்: நாலு தடவை பிரித்த கதை

வந்துவிட்டது. கசூதி என்பது துணியின் கட்டம் எண்ணித் தைக்கும் கர்நாடகக் கை எம்பிராய்டரி. அதில் நான் போட்ட கோபுரம்தான், முன்னும் பின்னும் ஒரே மாதிரி. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஹூப்பை (துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம்) கழற்றித் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று எனக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினால், "நல்லா இருக்கு, லைட்டை அணை" என்றார்.

மெந்தே (நம்ம வெந்தயம்தான், குறுக்குத் தையல்) என்னைப் படுத்தவில்லை. படிக்கட்டு மாதிரிப் போகும் முர்கி கூட இரண்டு நாளில் கைக்கு வந்துவிட்டது. மூன்று வாரம் உயிரை வாங்கியது கவந்தி என்கிற ஓட்டுத் தையல். போகும்போது ஒன்று விட்டு ஒன்று, வரும்போது விட்ட இடத்தை நிரப்ப வேண்டும், எங்கேயும் முடிச்சு கூடாது. சொல்வதற்கு இவ்வளவுதான். கோபுரத்தின் வெளிக்கோடு வரை சொன்னபடியே வந்தது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு குட்டி மாடம் உண்டு, நாலே தையலில் ஒரு சதுரம், ஒரு மூலையில் மட்டும் வெளிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கேதான் வம்பு.

சதுரத்தை ஒரு சுற்று சுற்றினால் மேலே, கீழே, மேலே, கீழே என்று நாலு தையல். மீதியை நிரப்ப அதே திசையில் இன்னொரு சுற்று போனேன். நூல் விழுந்த இடத்திலேயே மறுபடி விழுந்தது. முன்னால் இரண்டு பக்கம் தடித்துக் கிடக்க, மற்ற இரண்டு பக்கம் மொட்டை. எண்ணிக்கைத் தப்பு என்று நினைத்துப் பிரித்தேன். வெளிச்சம் போதவில்லை என்று பிரித்தேன். கண்ணாடி நம்பர் மாறிவிட்டதோ என்று ஒரு தடவை. நாலாவது தடவை காரணமே இல்லை, வெறும் கோபம்.

பையனை ட்யூஷனில் விட்டுவிட்டுக் காத்திருந்தபோது, அவனுடைய கிராப் நோட்டில் நீலப் பேனாவும் சிவப்புப் பேனாவும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். மேல் தையலுக்கு நீலம், கீழ்த் தையலுக்குச் சிவப்பு. ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு நிறமும் விழ வேண்டும். அப்போதுதான் உறைத்தது. நாலு இரட்டைப்படை. அதே திசையில் சுற்றினால் நீலத்தின் மேல் நீலம்தான் விழும். மூலைக்கு வந்ததும் நின்று, வந்த வழியே திரும்பிச் சுற்றினால் நீலத்தின் மேல் சிவப்பு. முடிந்தது கதை.

என்னை ஏமாற்றியது உச்சியில் இருக்கும் முக்கோணம். மூன்று தையல், ஒற்றைப்படை. அதே திசையில் இரண்டாவது சுற்று போனாலும் சரியாகவே விழும். முதல் தடவையே அது ஒழுங்காக வந்ததால், சதுரமும் அப்படித்தான் என்று நம்பிவிட்டேன். போதாக்குறைக்கு இது சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கை. வளைவைச் சுற்றி வந்தால் முன்னால்தான் ஓடும். போட்ட கோட்டின் மேலேயே திரும்பி வருவது கோலத்தில் தப்பாயிற்றே!

இன்னொன்று. திரும்பி வரும்போது ஊசி ஏற்கெனவே இருக்கும் தையலின் ஒரே பக்கமாக ஏறி, அடுத்த தையலின் மறுபக்கமாகவே இறங்க வேண்டும். மாறி மாறிக் குத்தினால் கோடு பல் பல்லாகத் தெரியும். மழுங்கல் ஊசி, 26ஆம் நம்பர். கூர் ஊசி பழைய நூலையே துளைத்துக்கொண்டு போகும், பிரிக்கும்போது அழுகைதான் வரும்.

துணி மேட்டி, கட்டம் கட்டமாக நெய்தது. சென்னை கோடவுன் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன். இரண்டு கடையில் "ஆரி பிளவுஸுக்கா மேடம்?" என்று சில்க் காட்டனை எடுத்துப் போட்டார்கள். இந்த ஊரில் எம்பிராய்டரி என்றாலே ஆரிதான், தெருவுக்கு ஒரு கிளாஸ். அதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் கட்டம் எண்ணித் தைக்க ஒரு நல்ல துணி கேட்டால் ஏதோ வேற்றுமொழியில் பேசியது மாதிரிப் பார்க்கிறார்கள். வீட்டில் வந்து அளந்தால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பக்கம் 44 கட்டம், இன்னொரு பக்கம் 40. சதுரம் சதுரமாக வராது. 40 இருக்கும் பக்கத்தை நெட்டுக்கு வைத்துக்கொண்டேன். கோபுரம் கொஞ்சம் உயர்ந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

சிவப்பு நூலில்தான் கோட்டை விட்டேன். பெயர் இல்லாத மலிவு லச்சி, என் உள்ளங்கை வியர்வைக்கே சாயம் போனது. இப்போது ஆங்கர் கம்பெனி நூல், இரண்டு இழை, முழ நீளத்துக்கு மேல் வெட்டுவதில்லை. ராத்திரி ஊசியைத் துணியிலேயே குத்திவைக்காதீர்கள். கடல் காற்றுக்குக் காலையில் துருக்கறை ரெடி. அடுத்து தைக்கப்போகும் தேர் வர வேண்டிய மூலையில் எனக்கு ஒன்று இருக்கிறது.

தார்வாடுப் பக்கத்து இல்கல் சேலைகளில் வருகிற இதே கவந்தித் தையலுக்கு ஐரோப்பாவில் ஹோல்பைன் தையல் என்று பெயர். தைத்தவர் பெயர் இல்லை, வரைந்தவர் பெயர்! 1543இல் இறந்த ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனின் ஓவியங்களில் சட்டைக் கைகளில் இந்த வேலை தெரியும். வியன்னாவில் இருக்கும் இங்கிலாந்து ராணி ஜேன் சீமோர் படத்தில் மணிக்கட்டு மடிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்பு நூல் வேலை அவ்வளவு சுத்தம். மடித்துவிடும் கைப்பட்டியில் இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் இந்தத் தையலே தேவைப்பட்டிருக்கும்.

அடுத்து பாலஸ்தீனத் தத்ரீஸ் செய்ய ஆசை. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததே, அதுதான். குறுக்குத் தையல் என்பதால் பின்பக்கம் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம் என்று ஒரு நப்பாசை. ஜப்பானிய ஓட்டுத் தையலான சாஷிகோவுக்கு நீள ஊசி இரண்டு வேறு வாங்கிவைத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஊட்டியில் பார்த்த தோடர் போர்வையின் சிவப்பும் கறுப்பும் மனதிலேயே நிற்கிறது. ஆனால் அதைத் தொடுகிற அளவுக்கு என் எண்ணிக்கை இன்னும் தேறவில்லை.

தேர் பாக்கி. அடித்தட்டில் மட்டும் ஏழு சதுரம், கிராப் நோட்டில் நீலமும் சிவப்பும் போட்டு முடித்துவிட்டேன். துருக்கறை மேல் சக்கரம் விழுகிற மாதிரி நாலு கட்டம் இடதுபக்கம் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.